பாட்டும் பருவமும்: மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களில் காலநிலைச் செயற்பாட்டுக்கு இசையைப் பயன்படுத்துவோருக்கான கேள்வி பதில்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பாடசாலை ஆசிரியர்கள், கூத்துக் குழுக்கள், கோயில் பரிபாலன சபைகள், இளைஞர் கழகங்கள், மாதர் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள், மீனவர் சங்கங்கள் ஆகியோர் காலநிலை மாற்றம் குறித்து ஊரில் ஏதேனும் செய்ய முனையும்போது மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

பாட்டுப் பாடினால் காலநிலை மாறுமா?

மாறாது. வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டின் அளவு, தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்து, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதே இதற்குப் பெருங்காரணம். அதை எந்த இராகமும் குறைத்துவிடாது. ஆனால் அந்த எரிப்பைக் குறைக்கும்படி கேட்பதற்கும், ஏற்கெனவே வந்துவிட்ட மாற்றத்தைத் தாங்கும்படி ஊரை ஒழுங்குசெய்வதற்கும் மனிதர் ஓரிடத்தில் கூட வேண்டும், கூடியவர் கலையாமல் நிற்க வேண்டும், சொன்ன நாளில் திரும்பவும் வர வேண்டும். இந்த மூன்றையும் பாட்டு காலங்காலமாகச் செய்துவந்திருக்கிறது.

1973 இல் இமயமலைச் சாரலில் தொடங்கிய சிப்கோ இயக்கத்தில், மரங்களைக் கட்டியணைத்து வெட்டுக்காரரைத் தடுத்த பெண்களிடம் செய்தியைக் கொண்டுசென்றவை துண்டுப்பிரசுரங்களைவிடப் பாடல்களே. கன்ஷியாம் சைலானி என்ற நாட்டார் கவிஞர் ஊர் ஊராக நடந்து பாடினார். 1980களின் தொடக்கத்தில் அந்த மலைப்பகுதியின் உயர்ந்த இடங்களில் வணிக மரவெட்டு 15 ஆண்டுகளுக்குத் தடைசெய்யப்பட்டது. அமெரிக்காவில் பீற் சீகர் என்ற பாடகர், அழுக்கடைந்து கிடந்த ஹட்சன் ஆற்றில் 1969 இல் ஒரு பாய்க்கப்பலை மிதக்கவிட்டு, கரையோர ஊர்களில் பாட்டுக் கச்சேரி வைத்து, வந்தவர்களைத் தமது ஆற்றைத் தாமே பார்க்கச் செய்தார். இரண்டிலும் பாட்டு தனியாக நிற்கவில்லை. பாடி முடிந்ததும் போக வேண்டிய இடமும் செய்ய வேண்டிய வேலையும் கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தன. நம் ஊர் நிகழ்வுகளில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான் என்பது எனது உறுதியான கருத்து.

எங்கள் பகுதியில் உண்மையில் என்ன மாறுகிறது? தெரியாமல் பாட முடியாதே?

சரியான கேள்வி. பாட்டில் பிழையான செய்தி ஏறிவிட்டால் அதை இறக்குவது கடினம்.

2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் பூமியின் மேற்பரப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிடச் சராசரியாக 1.1 பாகை செல்சியஸ் சூடாக இருந்தது. ஒவ்வொரு பாகைச் சூட்டுக்கும் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்குகிறது. ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழைக்கு வாய்ப்புக் கூடுகிறது. மட்டக்களப்பின் ஆண்டு மழை 1,600 மில்லிமீற்றருக்கு மேல். அதன் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவமழையில் விழுகிறது. ஏற்கெனவே சில மாதங்களுக்குள் குவிந்திருக்கும் மழை இன்னும் குவிந்தால் என்ன ஆகும் என்பதை 2011 ஜனவரி வெள்ளத்தில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையும் கிழக்கேயுள்ள எழுவான்கரையும் கண்டன. அறுவடைக்குக் காத்திருந்த பெரும்போக (மழைக்கால) வேளாண்மை தண்ணீருக்குள் கிடந்தது.

ஆயினும் எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை நேரடியாக அதன் கணக்கில் எழுத முடியாது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் வந்தது. ஒலுவில் கரையின் கடலரிப்பு அங்குள்ள துறைமுகக் கட்டுமானத்தோடு நெருங்கிய தொடர்புடையது. கடல்மட்டம் 1901 இலிருந்து உலகச் சராசரியாக ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருப்பது உண்மை. ஆனால் ஒலுவிலில் பாடும்போது அதை மட்டும் சொன்னால், கரையை இழந்தவர்களின் நியாயமான கேள்வியை நாம் மறைத்தவர்களாவோம்.

நமது மரபில் எந்த வடிவம் இதற்குப் பொருத்தம்?

ஊருக்கு ஊர் விடை மாறும். ஆனால் பருவத்தோடும் தண்ணீரோடும் பிணைந்த பாட்டு வடிவங்கள் இத்தனை அடர்த்தியாக ஓரிடத்தில் இருப்பது அரிது என்பதை முதலில் நாமே உணர வேண்டும்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடப்படும் குளிர்த்திப் பாடல், வெம்மை தணியும்படி அம்மனை வேண்டுவது. கொம்பு விளையாட்டு, மழை வேண்டியும் நோய் தணியவும் நடப்பது; ஊர் வடசேரி, தென்சேரி என இரு பிரிவாகப் பிரிந்து, கொம்புகளைக் கோத்து இழுத்து, ஒன்று முறியும்வரை எதிரெதிரே பாடும். வசந்தன் ஆட்டத்தில் சிறுவர்கள் கோலடித்து ஆடும் பாடல்களில் வேளாண்மை வெட்டும் உண்டு. நெல்லைப் பிரிக்கச் சூடு மிதிக்கும் களத்தில் பாடிய பொலிப்பாட்டு, இயந்திரம் வந்தபின் களத்தை விட்டுப் போய்விட்டாலும் முதியவர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டில் ஒருவர் அடியெடுக்க மற்றவர் இழுத்துக்கொண்டே ஏற்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக வட்டமான திறந்த அரங்காகிய வட்டக்களரியில் விடியும்வரை ஆடப்படும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளும் இருக்கின்றன.

இவற்றுள் கூட்டு வேலைக்கு நேரடியாக உதவுவது அம்பா வகை. அது வேலையின் மூச்சோடு பிறந்தது. வாய்க்கால் துப்புரவாக்கும்போதும் மண்மூட்டை கைமாற்றும்போதும் அப்படியே பொருந்தும். இரு தரப்புக்கிடையே உண்மையான முரண் உள்ள விடயத்துக்குக் கொம்பு விளையாட்டின் எதிர்ப்பாட்டு முறையும் கூத்தின் தர்க்க முறையும் ஏற்றவை. வெள்ளக் காலத்தில், வாவி நீர் கடலுக்கு வடியும்படி முகத்துவாரத்தை வெட்டுவது அப்படி ஒரு முரண். வயலில் தண்ணீர் நிற்பவர் உடனே வெட்டச் சொல்வார். வாவியில் இறாலையும் மீனையும் நம்பியிருப்பவர் பொறுக்கச் சொல்வார். இருவரும் தம் நியாயத்தைத் தம் வாயாலேயே பாட, ஊர் சுற்றியிருந்து கேட்கும் ஒரு களரியை நினைத்துப் பாருங்கள். அறிக்கை வாசிக்கும் கூட்டத்தில் கிடைக்காத பொறுமை அங்கே கிடைக்கும். மழை குறைந்தும் மிகுந்தும் ஏறுமாறாகப் பெய்யும் காலத்தில் இத்தகைய முரண்கள் பெருகத்தான் போகின்றன. அவற்றைப் பேசித் தீர்க்க ஓர் அரங்கு வேண்டும்; நம்மிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

முழு இரவுக் கூத்தை இதற்கென எழுதுவது பெரிய வேலை. சட்டம் (பாத்திரத்துக்குரிய பாட்டுப் பிரதி) கொடுப்பது, சதங்கை அணிவது, கிழமைக் கூத்து, அடுக்குப் பார்ப்பது என்ற பயிற்சிக் கட்டங்களைக் கடந்து அரங்கேறுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அந்த மாதங்கள் வீண் அல்ல. ஒரு விடயத்தை ஊர் அவ்வளவு காலம் வாயிலும் காலிலும் வைத்திருக்கும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் முதன்முறை முயல்வோர் ஒரு மணி நேர அளவில் தொடங்குவது நல்லது.

கோயில் சடங்குப் பாடல்களின் வரிகளை மாற்றிக் காலநிலைப் பாட்டாக்கலாமா?

கூடாது. குளிர்த்தியும் அம்மன் காவியமும் வழிபாட்டுக்குரியவை. உடுக்கோடும் விரதத்தோடும் பாடப்படுபவை. அவற்றின் சொல்லில் கைவைத்தால் நம்பிக்கையும் கெடும், நாம் சொல்ல வந்த செய்தியும் கெடும். அந்தப் பாடல்கள் தம் இடத்தில் இருக்கட்டும். சடங்கு முடிந்தபின், கோயில் வெளிவீதியில், சடங்கை நடத்தும் கட்டாடியாரிடமும் பரிபாலன சபையிடமும் முன்கூட்டியே கேட்டுப் புதிய பாட்டொன்றைப் பாடலாம். மழைக்காக அம்மனிடம் கையேந்திய ஊரிடம், பெய்யும் மழையைத் தேக்கும் குளக்கட்டைப் பற்றிப் பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான வேளை இல்லை.

முஸ்லிம் ஊர்களில் இது சரிவருமா?

வரும், அந்தந்த ஊரவரே முடிவுசெய்தால். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, காத்தான்குடி, ஏறாவூர், பொத்துவில் ஆகிய ஊர்களுக்கு நாட்டார் கவி, கோலடித்து ஆடும் பொல்லடி, றபான் என்ற கைமேளம் எனச் சொந்த மரபுகள் உண்டு. வயல் காவலிலும் வீட்டிலும் பெண்களும் ஆண்களும் பாடிய கவிகளின் சொல்நயம் கிழக்கின் தனிச்சொத்து. இசைக்கருவி வேண்டாம் என்று கருதும் குடும்பங்களும் உள்ளன. அங்கே கருவியில்லாமல் குரலால் மட்டும் கவி சொல்வது எந்தக் குறையும் இல்லாத முறை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் தமிழ், முஸ்லிம், சிங்கள விவசாயிகள் உள்ள அம்பாறை மாவட்டத்தில், மூன்று தரப்பினரும் தத்தம் பாட்டைத் தத்தம் மொழியிலும் முறையிலும் ஒரே மேடையில் பாடுவது, ஒருவர் பாட்டை மற்றவர் தலையில் சுமத்துவதைவிட மேல்.

எந்தப் பொருளில் பாடுவது? "பூமியைக் காப்போம்" என்றால் போதாதா?

போதாது. அப்படிப் பாடினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், எவரும் எழும்பமாட்டார்கள். ஒரு பாட்டுக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே மூன்று வேலைகளை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நெல்வயலில் தண்ணீர் எப்போதும் தேங்கி நின்றால், மண்ணில் உயிர்வளியில்லாத நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைத் தேக்க வல்லது. வயலில் துளையிட்ட குழாயொன்றைப் புதைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கும்வரை விட்டு, பிறகு பாய்ச்சும் முறையால் மெதேன் ஏறத்தாழ பாதிவரை குறையும், தண்ணீரும் மிச்சமாகும், முறையாகச் செய்தால் விளைச்சல் குறைவதில்லை. கதிர் பூக்கும் நாட்களில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. இது சேனநாயக்க சமுத்திரம், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் கீழ் தண்ணீர் முறைவைத்து வரும் சிறுபோகத்துக்கு (கோடைக்கால நெற்செய்கைக்கு) ஏற்றது. மழையை நம்பிய மானாவாரிக்கு அல்ல. இவ்வளவு நுணுக்கத்தையும் பாட்டில் திணிக்க வேண்டியதில்லை. "குழாயைப் பார்த்துத் தண்ணீர் விடு" என்ற ஒரு வரியைப் பாட்டு மனதில் பதித்தால் போதும். மீதியைக் கமநல சேவை நிலைய உத்தியோகத்தர் வயலில் காட்டட்டும்.

கண்டல் (அலையாத்தி மரங்கள்) பற்றிப் பலர் பாட விரும்புகிறார்கள். வாவிக் கரையின் கண்டலும் தில்லையும் அலையின் வேகத்தைக் குறைக்கின்றன, மீன்குஞ்சுக்கு இடம் கொடுக்கின்றன, சேற்றில் காபனைச் சேமிக்கின்றன. தில்லை மண்டூர் என்று ஓர் ஊரின் பெயரிலேயே அந்த மரம் இருக்கிறது. ஆனால் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரைகளில் நட்ட கண்டல்களில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும் நட்டபின் யாரும் போய்ப் பார்க்காததும் காரணங்கள். ஆகவே "நடுவோம்" என்ற பாட்டைவிட "இருப்பதை வெட்டாதிருப்போம், நட்டதைப் பார்த்துவருவோம்" என்ற பாட்டே இன்று தேவை.

மூன்றாவது, அறுவடைக்குப் பின் வைக்கோலை வயலில் கொளுத்துவது. வெட்டு இயந்திரம் சிதறிவிட்டுப் போகும் வைக்கோலைச் சேர்ப்பது கடினம் என்பதாலேயே பலர் கொளுத்துகிறார்கள். அந்தக் கடினத்தை ஒப்புக்கொள்ளாமல் புத்தி சொல்லும் பாட்டை எந்த விவசாயியும் கேட்கமாட்டார். மாட்டுக்கும் பசளைக்கும் வைக்கோலை ஏற்றிச் செல்ல வருவோரின் ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டு, பிறகு பாடுங்கள்.

வரிகள் எப்படி அமைய வேண்டும்?

ஊர்ப் பேச்சில். "உமிழ்வு", "தணிப்பு", "ஏற்பமைவு" போன்ற சொற்கள் பயிற்சிப் பட்டறைக்கு உரியவை. களரியில் அவை வாயில் தங்கா. வாய்க்கால் துப்புரவுக்கு இப்படி இரண்டு வரி போதும் (வட்டை என்பது வயற்பரப்பு; கடைவட்டை, வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ளது):

வாய்க்காலில் மண்மூடி வழியடைச்சுக் கிடக்குதுகா
கடைவட்டை காயுமுன்னே மண்வெட்டி எடுங்ககா

அடியெடுப்பவர் முதல் வரியைப் பாட, மற்றவர் இரண்டாவதை ஏற்பார்கள். அதற்கு மேல் வாய்க்காலின் பெயர், வட்டையின் பெயர், கூடும் நாள் எல்லாவற்றையும் அடியெடுப்பவர் தாமே கட்டிக்கொள்வார். அந்தச் சுதந்திரத்தை எழுத்தில் பூட்டிவிடாதீர்கள். நகரத்திலிருந்து கவிஞர் ஒருவர் எழுதிக் கொடுத்து, ஊரார் மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் பாட்டு, விழா மேடை கழற்றப்படும்போதே முடிந்துவிடும்.

இடத்தின் பெயரைச் சொல்லிப் பாடுவதன் வலுவுக்கு, 2017 ஜனவரியில் கர்நாடக இசைப் பாடகர் ரி. எம். கிருஷ்ணா சென்னை எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் பாடிய பாடல் நல்ல சான்று. கர்நாடக இசையின் இராகங்களில், சென்னைத் தெருப் பேச்சில் அமைந்த வரிகள், சாம்பல் கொட்டப்பட்ட ஒரு குறிப்பிட்ட நீர்நிலையைச் சுட்டின. அந்தக் கழிமுகத்தைக் கேள்விப்படாத பலர் அதன் பிறகே அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

பயமுறுத்தினால்தான் மக்கள் கேட்பார்களா?

இந்தக் கரையில் அந்த வழியை எடுக்கவே வேண்டாம். சூறாவளியையும் யுத்தத்தையும் ஆழிப்பேரலையையும் வெள்ளத்தையும் உடம்பால் அறிந்த மக்கள் இவர்கள். கடல் எழுந்து ஊரை விழுங்குவதாகக் கல்லடியிலோ திருக்கோவிலிலோ கல்முனையிலோ பாடுவது, உறவுகளை இழந்தவர்களின் காயத்தைக் கீறுவதாகும். சிறுவர்களை வைத்து அப்படிப் பாடவைப்பது இன்னும் மோசம். துக்கத்துக்கு இடம் வேண்டுமானால் ஒப்பாரியின் மரபு உண்டு. அதைப் பாடத் தெரிந்த பெண்கள் தாமாக முன்வந்து, தாம் இழந்ததைத் தாமே பாடினால் கேளுங்கள். ஏற்பாட்டாளர் கேட்டு வாங்கும் ஒப்பாரி வேண்டாம்.

ஏழை விவசாயியும் மீனவரும்தான் திருந்த வேண்டுமா?

இல்லை. இலங்கையில் ஒருவர் தலைக்கு ஆண்டொன்றில் வெளியாகும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 1 தொன். உலகச் சராசரி 4 தொன்னுக்கு மேல். ஒரு தோணியும் இரண்டு ஏக்கர் வயலும் உள்ளவரைப் பார்த்து "நீ பூமியைச் சூடாக்குகிறாய்" என்று பாடுவது அநீதி. அவரிடம் கேட்க வேண்டியவை அவருக்கே பயன் தருபவை: தண்ணீர், மண், கண்டல். பெரிய கேள்விகளைப் பெரியவர்களை நோக்கிப் பாட வேண்டும். நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் இயங்குகிறது. 2050 இல் காபன் சமநிலை என்று அரசு வாக்களித்திருக்கிறது. அந்த வாக்கு எங்கே நிற்கிறது என்று கேட்கும் உரிமை கூத்தின் கட்டியகாரனுக்கு எப்போதும் உண்டு. வெள்ள நட்டஈடு, குளப் புனரமைப்பு, முன்னெச்சரிக்கை ஆகியவற்றைக் கேட்கும் பாட்டும் காலநிலைப் பாட்டுத்தான்.

பாடசாலையில் என்ன செய்யலாம்?

போட்டி வைத்துப் பரிசு கொடுப்பதை விட்டுவிடுங்கள். 2013 இல் அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், 1880 முதலான உலகச் சராசரி வெப்பநிலையை ஆண்டுக்கு ஒரு சுரமாக மாற்றிச் செலோவில் வாசித்தார். குளிர்ந்த ஆண்டு தாழ்ந்த சுரம், சூடான ஆண்டு உயர்ந்த சுரம். இதை நம் பிள்ளைகள் மத்தளத்தில் செய்யலாம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மட்டக்களப்பு மாத மழைவீழ்ச்சித் தரவை எடுத்து, ஒவ்வொரு 50 மில்லிமீற்றருக்கும் ஓர் அடி என்று வகுத்து அடித்தால், ஆடியின் வெறுமையும் மார்கழியின் நெருக்கமும் காதில் விழும். பல ஆண்டுகளை அடுத்தடுத்து அடித்தபின், எந்த ஆண்டு தாளம் குலைந்தது என்று பிள்ளைகளே சொல்வார்கள். காரைதீவில் 1892 இல் பிறந்து, அறிவியல் கற்பித்து, பழந்தமிழ் இசையைக் கணிதத்தால் ஆராய்ந்து 1947 இல் யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகளின் மண்ணில், கணக்கும் இசையும் ஒரே வகுப்பில் சந்திப்பது புதுமையும் இல்லை. கல்லடியில் அவர் பெயரால் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் மாணவர்கள் பயிற்சிக்கு உதவக்கூடும்.

ஒலிபெருக்கி, ஜெனரேற்றர், பிளாஸ்டிக் தோரணம்?

வேண்டாம். வட்டக்களரிக் கூத்தை அவை இல்லாமலே ஊர் கேட்டது.

கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கும் பாடகர்களுக்கும் என்ன கொடுப்பது?

பணம். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பக் கூடாது. திட்ட முன்மொழிவில் அச்சுப் பதாகைக்கும் சிற்றுண்டிக்கும் தொகை ஒதுக்கி, அண்ணாவியாருக்கு "கௌரவிப்பு" என்று எழுதும் வழக்கம் வருத்தத்துக்குரியது. பயிற்சி நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பாட்டைப் பதிவுசெய்து இணையத்தில் இடுவதானால், பாடியவரின் சம்மதத்தைப் பெற்று, அவர் பெயரையும் ஊரையும் அவர் விரும்பும் விதத்தில் குறிப்பிடுங்கள். பறைமேளக் கலைஞர்களை அழைக்கும்போது அவர்களுக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே இருக்கையும் அதே மரியாதையும் இருக்கிறதா என்பதை ஏற்பாட்டாளர் தாமே நின்று பார்க்க வேண்டும்.

பலன் கிடைத்ததா என்று எப்படி அறிவது?

கைதட்டலையும் காணொளிப் பார்வை எண்ணிக்கையையும் கணக்கில் எடுக்காதீர்கள். துப்புரவாக்கிய வாய்க்காலின் நீளம், வேலைக்கு வந்தவர்களின் தொகை, ஓராண்டு கழித்து உயிரோடு நிற்கும் கண்டல், குழாய் பார்த்துத் தண்ணீர் விட்ட வயல்கள், வைக்கோல் கொளுத்தப்படாத வட்டை ஆகியவற்றை எழுதிவையுங்கள். இன்னுமொன்று: நீங்கள் இல்லாத இடத்தில், நீங்கள் கேட்காமல், யாராவது அந்தப் பாட்டைப் பாடுகிறார்களா என்று விசாரியுங்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

வேலையின் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெரும்போகத்துக்கான வாய்க்கால் துப்புரவு ஆவணி, புரட்டாசியில் நடப்பதால், பாட்டு ஆடியில் கட்டப்பட்டு, விவசாய ஆரம்பக் கூட்டத்துக்கு முன்பே வட்டைகளில் பாடப்பட்டிருக்க வேண்டும். சிறுபோகத் தண்ணீர் முறை பற்றிய பாட்டு பங்குனியில் தயாராக இருக்கட்டும். வைக்கோல் பாட்டை மார்கழிக்குள் முடித்தால்தான் தையிலும் மாசியிலும் அறுவடை தொடங்கும்போது களத்தில் இருக்கும். கண்ணகி கோயில் வெளிவீதிக்கு வைகாசி. கூத்து எழுத விரும்புவோர் பெரும்போக அறுவடை முடிந்து கைகள் ஓயும் காலத்தில் சட்டம் கொடுத்தால், ஆடிக்கு முன் அரங்கேற்றலாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நிகழ்வு எதையும் வைக்காதீர்கள். அப்போது விதைப்பும் வெள்ளமும் இருக்கும், ஆட்களும் இருக்கமாட்டார்கள்.